கமிட்டி முடிவு

சிரித்தால் எனக்கு உடம்பு முழுக்கக் குலுங்கும். அன்று யாரோ சொன்ன தமாஷுக்குச் சிரித்துக்கொண்டே பின்னால் சாய்ந்தேன். சாய்ந்த இடம் படிப்பகத்தின் கரும்பலகை. நிமிர்ந்தபோது பலகையில் இருந்த பாதி எழுத்து என் சட்டை முதுகுக்கு வந்திருந்தது. மண்ணெண்ணெய்ப் புகாரும் தண்ணீர்க் குழாய்க்கு விழுந்த வசவும் என்னோடு வீட்டுக்கு வந்து வெளுப்புக்குப் போயின.

மறுநாள், "பலகைய யாரு அண்ணாச்சி அழிச்சது?" என்று கேட்டார்கள். முதுகால் அழித்தேன் என்று சொல்ல வெட்கம். "கமிட்டி முடிவு" என்றேன். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை.

கமிட்டி என்று ஒன்று இருந்ததும் உண்மைதான். தலைவர் மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போனார், பொருளாளர் கல்லறைக்குப் போனார். மிச்சம் செயலாளர் வேதமணி, அதாவது நான். நாசரேத் மிஷன் பள்ளியில் படித்து, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க்காக இருந்தவன். சாயங்காலம் படிப்பகத்தைத் திறப்பதும், சாக்பீசும் ஈரத்துணியும் வைப்பதும் என் பொறுப்பு.

புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த காலம். தோணித் துறைக்குப் போகிற வழியில், வெளிச்சுவரில் இருந்தது பலகை. யாரும் எதையும் எழுதலாம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணி ஆட்கள், ஏறுமுன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எந்தத் தோணியில் பாய் கிழிசல், எதில் தண்ணீர் ஏறுகிறது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். பலகையில் பேர் வந்த தோணியில், பழுது பார்க்கும்வரை ஆள் ஏறாது.

முதலில் கெட்ட வார்த்தைகளை அழித்தேன். பிறகு கெட்ட வார்த்தை வரப்போவது போலத் தெரிந்தவற்றை. பிறகு எங்கள் முதலாளியைப் பற்றி வந்ததை. எல்லாம் பொது அமைதிக்காகத்தான்.

ஜேசுபாதம் என்று ஒரு தோணி ஆள். அவன்தான் கரையில் இருக்கிற நாளெல்லாம் வந்து எழுதினான்: 'அழிப்பது யார்? என்ன காரணம்? பேரைப் போட்டு அழிக்கவும்.' நானும் அன்றன்றே அழித்தேன். ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போது நேரிலேயே கேட்டான்.

"கமிட்டி எங்கன கூடுது அண்ணாச்சி? நானும் ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன்."

"அது ரகசியக் கூட்டம்லே."

"ஒத்த ஆளு கண்ணாடி முன்னால நிக்கதுக்குப் பேரு கூட்டமா?"

படிப்பகமே சிரித்தது. நானும் சிரித்தேன். உடம்பு குலுங்கவில்லை. அன்றே ஒரு விதி செய்தேன்: அவன் கையெழுத்தில் எது இருந்தாலும் அழிப்பது. அந்த விதியில் ஒரு வசதி, படித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் அவன், தனியாகக் காவல் இருந்த தன் தோணியிலிருந்து இறங்கி வந்து பலகையில் எழுதினான். ஆலந்தலையில் தாய்க்கு மூச்சு இழுக்கிறது என்று ஆள் வந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறிவிட்டான். பூட்ட வந்த நான் அவன் கையெழுத்தைப் பார்த்து அழித்தேன். படிக்கவில்லை.

மறுநாள் காலை புறப்பட்ட அந்தத் தோணி கொழும்பு சேரவில்லை. நான்கு பேர் கடலோடு போனார்கள். அவர்களில் ஒருவன் செல்வதுரை, ஜேசுபாதத்தின் மனைவி கிளாடிஸுக்குத் தம்பி. அத்தான் விட்டுப்போன இடத்துக்கு ஏறியவன்.

"தோணிக்கு அடிப்பலகை விட்டுப்போச்சு, ஏறாதீங்கன்னு எழுதிட்டுல்லா போனேன்" என்று ஜேசுபாதம் தலையில் அடித்துக்கொண்டான். பார்த்தவர் யாருமில்லை. என்னிடம் வந்து கேட்டார்கள். பலகைக்குப் பொறுப்பானவன் நான். "அப்படி ஒன்றும் இல்லையே" என்றேன். அவர்கள் கேட்ட நேரத்தில் பலகையில் ஒன்றும் இல்லைதான்.

தெரிந்தே தான் தப்பித்துக்கொண்டு மச்சினனை அனுப்பிவிட்டான் என்றது ஊர். எந்தத் தோணியிலும் அவனைச் சேர்க்கவில்லை. கோவிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு ஆள் உட்காரவில்லை. ஒரு நாள் ஊரைவிட்டே போனான். எங்கே என்று இன்றுவரை தெரியாது. எனக்கு இளகிய மனசு. கமிட்டி சார்பில் பலகையில் நான்கு பேருக்கும் இரங்கல் எழுதினேன், நல்ல கையெழுத்தில். கிளாடிஸ் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படிக்கவில்லை என்று சொன்னேன். படித்தேன். 'ஏறாதீங்க' என்பதை அழுத்திப் பெரிதாக எழுதியிருந்தான். துணியை மறுபடி நனைக்க வேண்டியிருந்தது. ஒருவனுக்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒரு வரி சாக்பீஸ் எழுத்தா பசித்த ஆளைத் தடுத்துவிடும் என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பை வைத்துத்தான் இத்தனை நாள் சாப்பிட்டேன், தூங்கினேன். பேச்சுவாக்கில் பலரிடமும் கேட்டுப் பார்த்தேன். "எழுதியிருந்தாலும் போயிருப்பான் அண்ணாச்சி, விதி" என்றார்கள். அழித்தவன் நான் என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் போன வாரம் கிளாடிஸிடம் போனேன். மீன் அரிந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிவாள்மணையை ஒருக்களித்து வைத்தாள்.

"எழுத்து இருந்திருந்தாலும் செல்வதுரை ஏறித்தான் இருப்பான், இல்லையாம்மா?" என்றேன்.

"ஏறியிருக்க மாட்டான் அண்ணாச்சி. அன்னைக்குக் காலையில இங்கனதான் கஞ்சி குடிச்சான். பழைய தோணிலே, போவாதன்னு மறிச்சேன். 'பலகையப் பாத்துட்டுத்தாம்க்கா வாரேன், தொடச்சி வச்ச மாதிரிக் கெடக்கு'ன்னு சொல்லிட்டுப் போனான்."