எஃப் இல்லாத பாட்டு

கண்டக்குழியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். பஸ் புத்தளம் நோக்கிப் புறப்பட்டதும் இளையவள் சொன்னாள்:

"அக்கா, நான் எஃப்பை விட்டுட்டன்."

யாரோ ஓர் ஆளைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அது கிட்டாரில் பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கோட்ஸ் (chords) பற்றிய கதை என்று விளங்கியது.

"ஒரு விரலால எல்லாக் கம்பியையும் அமத்த வேணும். எவ்வளவு பழகியும் சத்தம் வருகுதில்ல."

"அப்ப சேர்ச் திருநாள் பாட்டு? அது எஃப்பிலதானே. வாசிச்ச பொடியனும் இத்தாலிக்குப் போயிட்டான். கோயில்ல இப்ப உன்னை விட்டா ஆள் இல்ல."

"டி, ஜி, ஏ மூண்டும் எனக்கு நல்லா வருது. அந்த மூண்டையும் வச்சே முழுப் பாட்டும் வாசிக்கலாம். ஆனா சுருதி இறங்கும். நீங்க கீழ பாட வேணும்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"தொண்டை ஒப்பரேஷனுக்குப் பிறகு எனக்குக் குரல் மேல போகாது, பிள்ள. இந்த முறை நான் பாடமாட்டன் எண்டு சொல்லத்தான் உன்னோட வந்தனான்."

"கீழ போகுமா?"

"பாடிப் பாக்கேல்ல."

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகப் பாடத் தொடங்கினாள். கரகரத்த குரல்தான். ஆனால் எங்கும் உடையவில்லை. இளையவளின் இடது கை விரல்கள் கைப்பையின் வாரில் இடம் மாறிக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்ததும் அவள் சொன்னாள்:

"இன்னொருக்காப் பாடுங்க அக்கா. ஜிக்கு மாறுற இடத்தில நான் பிந்திட்டன்."