வளை நெல்

பருந்துகளைப் பட்டாசு வெடித்து விரட்டுவதுதான் என் வேலை, இன்ஸ்பெக்டர் சார். சிரிக்காதீர்கள். ஒரு பருந்து இன்ஜினுக்குள் புகுந்தால் விமானம் விழுந்துவிடும். பூதலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் சின்ன விமானத் தளத்தில் பதினோரு வருடமாக ஒரு விபத்தும் இல்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

வெடித்தால் பறந்துபோகும், பத்து நிமிடத்தில் திரும்பி வரும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. பருந்து ஏன் வருகிறது? எலிக்காக. எலி ஏன் வருகிறது? நெல்லுக்காக. வேலியை ஒட்டி நெல் போட்டவள் எல்லையம்மாள். நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் அவளுக்கு அந்த இரண்டு ஏக்கரைக் கொடுத்திருந்தது.

தரிசாகப் போடச் சொல்லி மூன்று முறை கேட்டேன்.

"வெதைக்காம இருந்தா எம் பேரப்புள்ளைங்க எதைத் திங்கும், சின்னய்யா?" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

கலெக்டர் ஆபீசுக்கு எழுதினேன். பட்டா அவள் பெயரில் இருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது.

சம்பா அறுவடை முடிந்ததும், மருந்து கலந்த நெல்லை அவள் வரப்பிலிருந்த எலி வளைகளுக்குள் தள்ளினேன். மருந்து வைத்தால் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. அறுவடைக்குப் பிறகு வளையைத் தோண்டி, எலி சேர்த்த நெல்லை எடுத்துச் சமைப்பது இந்தப் பக்கத்து ஏழைகளின் வழக்கம். சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை அவள் மண்வெட்டியோடு வந்தாள். மகள் மலர்கொடி முறத்தைப் பிடித்துக்கொண்டாள். முறம் நிறைந்துவிட்டது.

"எலி இந்த வருசம் நம்மளவிட நல்லா சேத்து வச்சிருக்குங்க, சின்னய்யா" என்று எல்லையம்மாள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். "எடுத்துக்கோ, எல்லையம்மா" என்றேன். கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளி முறத்தில் போட்டதும் நான்தான்.

எல்லையம்மாள், மலர்கொடி, மலர்கொடியின் இரண்டு பிள்ளைகள். நான்கு பேரும் பிழைக்கவில்லை. ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒரு விமானத்தில் எத்தனை உயிர்கள் போகின்றன என்று யோசித்துப் பாருங்கள். இப்போது வயல் வெறுமனே கிடக்கிறது. பருந்து வருவதில்லை.

அந்தச் சட்டத்துக்கு முன்னால் நிலம் யாருடையது என்று கேட்கிறீர்கள். எங்கள் அப்பாவுடையது. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திரும்பக் கேட்டு என் தம்பி மனுக் கொடுத்திருக்கிறான். கிடைத்தால், அப்பா நினைவாக முதல் போகம் நெல்லே போடச் சொல்லியிருக்கிறேன்.