உறுதி செய்ய இயலவில்லை

எனக்குச் சத்தமாக வாசிப்பது பிடிக்கும். திருமணமான மூன்றாம் ஆண்டு என் மனைவிக்குப் பார்வை போனது. அதிலிருந்து பதினான்கு ஆண்டுகள் செய்தித்தாள், கடிதம், மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். அவளை வருத்தும் வரிகளைத் தாண்டிவிடுவேன். அவளுடைய தோழியின் கடிதங்களில் தாண்ட வேண்டியவை அதிகம். கடைசியில் கடிதங்களையே தாண்டினேன்.

என் மைத்துனர் அக்காவுக்காக ஒரு மென்பொருள் எழுதினார். கணினித் திரையில் இருப்பதை அது வாசித்துக் காட்டும், அவருடைய குரலிலேயே. "இனிமே மாமா தொண்டைக்கு லீவு," என்றார். "அக்கா, எல்லாத்தையும் நீயே படிச்சுக்கோ."

அவள் தோழிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். "ஆறு கடிதம் போட்டாளாம். ஒண்ணுகூட வரலையே?" என்றாள். தபாலில் தொலைந்திருக்கும் என்றேன். அதன்பின் வீடு முழுக்க மைத்துனரின் குரல்தான். எனக்கு வாசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

பார்வையற்றோர் பலர் அதை வாங்க, அவர் ஐந்து பேரோடு சிறிய அலுவலகம் திறந்தார்.

நான் வேலை பார்த்தது பெரிய நிறுவனத்தில். பத்துக் கணினியில் ஒன்பது எங்கள் இயங்குதளத்தில்தான் ஓடும். ஏகபோகம் என்று பத்திரிகைகள் எழுதும்; அதையும் மனைவிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். திரையில் தோன்றும் எச்சரிக்கைகளை எழுதுவது என் வேலை. வீட்டில் அதை விளக்கிச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

எங்களுடைய வாசிப்பு மென்பொருள் வெளிவர இருந்தது. மற்றவர்களுடையது ஓடும் கணினிகளில் ஏதாவது எச்சரிக்கை காட்டலாமா என்று மேலாளர் கேட்டார். நான் எழுதிக் கொடுத்தேன்: "இந்த மென்பொருள் பாதுகாப்பானது என்பதை எங்களால் உறுதி செய்ய இயலவில்லை."

"இவ்வளவு வேணுமா?" என்றார் அவர். ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று காட்டினேன். நாங்கள் சோதித்துப் பார்க்கவே இல்லையே.

தினமும் கணினியைத் திறந்ததும் அந்த வரியை வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டியது மைத்துனரின் குரல். தன்மேல் தானே சந்தேகம் கிளப்பும் குரலை யார் வைத்துக்கொள்வார்கள்? நான்கு மாதத்தில் அலுவலகம் காலி.

ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "மாமா, அதை எழுதின ஆளை மட்டும் காட்டுங்க. சண்டைக்குப் போகலை. ஒரு தடவை சோதிச்சுப் பாருங்கன்னு கேக்கறேன், அவ்வளவுதான்."

"பெரிய இடம், மாப்பிள்ளை. விசாரிக்கிறேன்."

பத்தாம் நாள் மாரடைப்பு. வயது முப்பத்தாறு.

துக்கத்துக்கு வந்தவர்கள் நிறுவனத் தலைவரைத் திட்டினார்கள். என் மனைவி மட்டும், "தலைவனா உட்கார்ந்து எழுதினான்? எழுதின கை விளங்குமா?" என்றாள். அந்தக் கையால்தான் அவள் தோளைப் பிடித்திருந்தேன். முகம் தெரியாதவருக்கு அப்படித் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

தம்பியின் குரல் அந்த வரியைச் சொல்வதைக் கேட்க முடியாமல் அவள் கணினியை மூடிவைத்துவிட்டாள். மறுபடி நான்தான் வாசிக்கிறேன்.

"தம்பியைப் பத்தி நீங்க எழுதுங்க. உங்களுக்குத்தான் எழுத வரும்," என்று அவள் கேட்டதால் இதை எழுதினேன். நேற்று மாலை வாசித்துக் காட்டினேன், அவளை வருத்தும் வரிகளை மட்டும் தாண்டி. கேட்டு முடித்ததும், "ஒரு சொல்கூடப் பொய் இல்லை," என்று என் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.