பந்து கைக்கு வந்தால்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் மாலைப் பேருந்து. ஷிப்ட் முடிந்தவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்: "ஊரு மண்ணூர்னு சொல்லக் கூடாது, அப்பா பேரு சொல்லக் கூடாது, மார்க்கு சொல்லக் கூடாது. அப்பறம் நான் யாருன்னு இன்னாத்தடி சொல்றது?"

பக்கத்தில் இருந்தவள் பேச்சில் திருநெல்வேலி வாடை அடித்தது. "ஏட்டி, அது ஒருத்தரோட ஒருத்தர் பழகிக்கிடதுக்கு மிஸ் வச்ச வெளையாட்டு. பந்து யார் கைக்கு வருதோ, அவ தன்னப் பத்தி ஒரு வரி சொல்லணும். அம்புட்டுதான்."

"நான் பந்த புட்சிகினு மரம் மாரி நின்னேன். அந்த ஒரு வரிதான் உன் பிராண்டுன்றாங்க மிஸ்ஸு. எங்கிட்ட அப்டி ஒண்ணும் இல்லடி."

"நான் மட்டும் என்னத்தச் சொன்னேன்? கடின உழைப்பாளின்னேன். எனக்கு முன்னால பாதிப் பேரு அதயேதான் சொன்னாளுவ."

"நாளைக்கும் இதே வெளையாட்ட வெக்கிறாங்களாம். இண்டர்வியூலயும் இப்டியே நின்னா எந்த கம்பெனில எடுப்பான்?"

மற்றவள் அவள் மடியிலிருந்த பையைத் தொட்டாள்.

"ஹாஸ்டலுக்கு வந்த புதுசுல, இதே பஸ்ல அழுதுட்டே நின்னேன். ஒனக்கு என் பேருகூடத் தெரியாது. பக்கத்து சீட்டுல இருந்த ஒன் பைய எடுத்து மடில வச்சிட்டு, ஒக்காருன்ன. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பைய வச்சுத்தான் எனக்கு எடம் போடுத."

"பஸ்ல சீட்டு போட்றதப் போயி கிளாஸ்ல எப்டிடி சொல்றது?"

"நீ சொல்லாண்டாம். நாளைக்குப் பந்து ஒன் கைக்கு வந்தா, என்கிட்ட எறி. நான் சொல்லுதேன்."