இரண்டு கையும் தலைக்கு மேலே

நடுநிசி. ஆளே இல்லாத குடா. வெயில் கண்ணைக் கூச வைத்தது.

வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளில் கோடை அப்படித்தானே, ராத்திரியிலும் சூரியன் மறையாது... பயந்து ஒளிய இருட்டுகூடக் கிடைக்காது. உங்களுக்கென்ன, பூட்ஸை நடையில் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்பைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இதோ உட்கார்ந்திருக்கிற நம் ஹால்வரின் அத்தை மகள் தோருன் அன்று தனி ஆள்.

விலங்குகளைப் படமெடுக்க வருகிறவர்களின் கப்பலில் அவள் படகோட்டி. நீளத் தந்தமுள்ள கடல் விலங்கான வால்ரஸைப் பார்க்கப் போன எல்லாரையும் கரையிலிருந்து கொண்டுவந்து ஏற்றியாயிற்று. அப்போதுதான் விபேகே என்கிற படக்காரி தான் எடுத்த படத்தைக் கேமராவில் அவளிடம் காட்டினாள்.

"வால்ரஸுக்குப் பின்னால நிக்கிறது யாரு?"

ஒரு ஆள். இரண்டு கையும் தலைக்கு மேலே. வந்து ஏற்றிக்கொண்டு போ என்று அர்த்தம்.

தோருன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது அவள் தம்பி எய்விண். சில வருஷத்துக்கு முன்பு, பனிக்கட்டி நெருங்குகிறதென்று கேப்டன் யால்மர் அவனை இதே கரையில் விட்டுவிட்டுக் கிளம்பினார்; அவன் திரும்பவேயில்லை. விசாரணையில் அவர் சொன்னது ஒரே வரி: "கரையில யாரையும் பார்க்கல." பச்சைப் பொய். அதை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கத்தான் தோருன் அவர் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கேப்டனும் படத்தைப் பார்த்தார். "அங்க ஒண்ணுமில்ல. படகைத் தொடாத."

"ஒண்ணுமில்லாததுக்கா உங்களுக்கு இப்படி வேர்க்குது?" என்று கேட்டபடியே படகை இறக்கினாள்.

கரை நெருங்க நெருங்க வால்ரஸ் வீச்சம் மூக்கைத் துளைத்தது. பிறகு அது அடங்கி... ஈரக் கம்பளி வாடை. கரையில் யாரும் இல்லை. அப்படியும் அவள் வாய் அடங்கவில்லை.

"டேய், ஏறுறதுன்னா ஏறு. இந்தப் பயங்காட்டுற வேலையெல்லாம் அக்காகிட்ட வேணாம்."

சரக்... சரக்... கூழாங்கல் மிதிபட்டது. படகின் முனை கனத்துத் தாழ்ந்தது. முனையில் யாரும் இல்லை. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே கப்பலுக்கு வந்து சேர்ந்தாள்.

ஈர உடையை மாற்றிவிட்டுக் கேப்டன் அறைப் பக்கம் போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், தண்ணீர் சொட்டச் சொட்ட... இடது காலில் நீல ஒட்டு. தம்பிக்காக அவளே ஒட்டியது.

நம் ஊரில் பூட்ஸ் வெளியே கிடந்தால் ஆள் உள்ளே.

உள்ளேயிருந்து கேப்டனின் அழுகைக் குரல் கேட்டது. "பார்த்தேன்ப்பா... நீ கையத் தூக்குனதப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்."

இத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல். தோருன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கதவைத் தட்டவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நங்கூரம் தூக்க யாரும் உத்தரவு தராததால் காலையிலும் கப்பல் அங்கேயே நின்றது. கேப்டன் அறை வாசலில் பூட்ஸ் இல்லை. உள்ளே கேப்டனும் இல்லை. அவருடைய பூட்ஸ் மட்டும் கட்டிலுக்கடியில் கிடந்தது. படகுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மூலைமுடுக்கெல்லாம் தேடிக் களைத்த துணைக் கேப்டன், விபேகேயின் கேமராவை வாங்கித் தோருன் கையில் கொடுத்தார்.

"உனக்குத்தான் கூர்மையான கண்ணு. கரையில யாராவது தெரியுறாங்களா பாரு."

பார்த்தாள். வால்ரஸ் கூட்டத்துக்குப் பின்னால் ஒரே ஒருவர். காலில் வெறும் காலுறை. இரண்டு கையும் தலைக்கு மேலே.

அவள் கேமராவை நிதானமாகக் கீழே இறக்கினாள்.

"கரையில யாரையும் பார்க்கல," என்றாள்.