செவலை மாட்டு உண்ணி

– செல்லு லைட்டைக் கிட்ட புடி அண்ணா. காதுக்குள்ள பாரு, கொத்துக்கொத்தா உண்ணி. முதுகுல ஊத்தச் சொல்லி நான் குடுத்த மருந்து என்ன ஆச்சு?

– கீது. நீ வந்த வேலையப் பாரு அபி. உண்ணியப் பொறுக்கி சீசாவுல போட்டுக்கினு கெளம்பு.

– செவலை காபித்தண்ணி மாதிரி மூத்திரம் விடுது. என்னைக் கெளம்புன்ற?

– டாக்டருக்குப் போன் போட்டாச்சி. பௌர்ணமி கிரிவலக் கும்பலு, அடியண்ணாமலைப் பக்கம் ஒரு வண்டிய வுடமாட்டன்றான் போலீசு. பைய மாட்டிக்கினு நடந்து வந்துனு இருக்காரு.

– அவர் வரதுக்குள்ள இது படுத்துடும். உடம்பு கொதிக்குது பாரு.

– அதான் ஈரச் சாக்கு போட்டுகிறேன் இல்ல? நாலு உண்ணி குடிச்சி மாடு செத்துச்சின்னு எங்கனா கேட்டுகிறியா? பெரிய ஆராய்ச்சி. உண்ணிய மல்லாக்க ஒட்டிவச்சி, வாயில குழாய் சொருவி எச்சிலு புடிக்கிறாளாம். கேட்டுட்டு டீக்கடையில சிரிக்கிறானுங்க.

– சிரிக்கட்டும். அந்த எச்சில்தான் இப்ப இதைக் கொல்லுது. தோலைக் கிழிச்சா ரத்தம் உறையணும் இல்ல? உறையறதுக்கு உடம்பு ஒரு கெமிக்கல் விடும். உண்ணி எச்சில்ல இருக்கிற என்சைம் அதை உடைச்சிப் போட்டுடுது. வலியைக் கிளப்புற கெமிக்கலை இன்னொரு என்சைம் உடைச்சிடுது. ரத்தமும் நிக்காது, வலியும் தெரியாது. நாள் கணக்குல உக்காந்து குடிக்கும், மாடு வாலைக்கூட ஆட்டாது. அந்த எச்சிலோடவே இந்தக் காய்ச்சல் கிருமியும் உள்ள போயிடுது.

– ஒரே ஊட்ல இருந்துக்கினு, நோவே தெரியாம அறுக்கறது. எனக்கா தெரியாது? ரிஜிஸ்டர் ஆபீசுல மாலை மாத்திக்கினு வந்து நின்ன பாரு, அன்னிக்கே பார்த்துட்டேன்.

– மூணு வருஷமா இதே பாட்டு. வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன, மிதிக்கல. மாட்டுக் கொட்டாயோட வந்து கொட்டாயோட போறேன். அண்ணி குடுக்கிற தண்ணியைக்கூட வாங்கறதில்ல. இன்னும் என்ன வேணும் உனக்கு?

– கத்தாத. மாடு மிரளுது.

– அந்தாண்ட கட்டியிருக்கிற உன் மத்த ரெண்டு மாட்டையும் பார்த்துட்டுதான் வந்தேன். காது, மடி, வாலடி, எங்கயும் ஒரு உண்ணி இல்ல. அதுங்களுக்கு மருந்து ஊத்தியிருக்க.

– ஊத்தினேன். அதுக்கின்னா இப்ப?

– செவலைக்கு மட்டும் ஊத்தல. ஏன்னா இது நான் வளர்த்த கன்னுக்குட்டி. என் மேல இருக்கிற ஆத்திரத்தை வாயில்லாத ஜீவன் மேல காட்டியிருக்க. சாகட்டும்னு விட்டுட்ட.

– ஏய்! வார்த்தைய அளந்து பேசு. இதுக்குத் தவுடு வச்சிட்டுதான் நான் சோத்துல கைய வைக்கிறேன், தெரியுமா?

– அப்ப ஏன் ஊத்தல? மருந்தைக் கையில வச்சிக்கிட்டு ஏன் ஊத்தல? மனுஷனா நீ? வாயைத் தொறந்து சொல்லு அண்ணா!

– உனுக்கு உண்ணி வேணும்னுதானடி மாசாமாசம் வர. மருந்து ஊத்தி எல்லாம் செத்துப்பூட்டா, நீ இன்னாத்துக்கு இந்தப் பக்கம் வரப்போற?