சிறகு முளைக்காத கடைசிப் பாகம்

கார்ட்டூன் பார்க்கிற பெரியவர்களை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். என் தம்பி டெரன்ஸுக்கு முப்பத்து நான்கு வயது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ‘சாயாப் பெசி’ என்ற மலாய் கார்ட்டூன் பார்ப்பான். இரும்புச் சிறகு உள்ள ஒருவன் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றும் தொடர். இந்த சீசனின் ஆரம்பத்திலேயே எதிரி அந்தச் சிறகைப் பிடுங்கிவிட்டான். கடைசிப் பாகத்தில் அது திரும்ப முளைக்கும் என்று டெரன்ஸ் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் பத்து காவான் தொழிற்பேட்டையில் டெக்னீஷியனாக இருந்தவன். வேலை முடிந்து வரும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. ஆறு வருஷம். அப்பா அம்மா இல்லை. நான்தான் ஊட்டினேன், துடைத்தேன், இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்தேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எங்கள் ஃபிளாட்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நாளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எங்கள் கோவிலில் மாதத்தின் முதல் வெள்ளியன்று, படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை அப்பம் வீட்டுக்கே வரும். அந்த வெள்ளி ஃபாதரும் வந்து அவனுடைய பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்டார். ஆக, சனிக்கிழமை அவன் ஆத்துமா கழுவிவைத்த தட்டு மாதிரி இருக்கும். அவன் ஆசைப்பட்ட கதையும் நல்லபடி முடிந்திருக்கும். அதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை. ஃபாதரோடு வந்த மார்த்தா அக்கா வாசலில் நின்று, “ஜூலையில சென்ட் ஆன் கோவில் திருவிழாவுக்கு இந்த வருஷமாச்சும் வரியா எவ்லின்? ஆறு வருஷமா டிமிக்கி குடுக்கற” என்றார். வருகிறேன் என்றேன்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு இஞ்சி டீ போட்டேன். அவன் தூங்குவதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்திருந்தேன். பொடித்துக் கரைத்தேன். டின் பால் கூடுதலாக ஊற்றினேன். டிவியைப் பார்த்துக்கொண்டே ஸ்ட்ராவில் உறிஞ்சினான்.

பாகம் மோசமாக இருந்தது. நானும் பார்த்தேன். பாதிக்கு மேல் பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். மிச்சத்தில் அந்த வீரன் படகுத்துறையில் உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டான். சிறகு முளைக்கவில்லை. எதிரி வரவேயில்லை. பாட்டைப் போட்டு முடித்துவிட்டார்கள்.

“அவ்ளோதானா?” என்றான் டெரன்ஸ். “என்னா லா இது?” பிறகு கெட்ட வார்த்தையில் திட்டினான். மலாயில் இரண்டு, தமிழில் ஒன்று. “அஞ்சு மாசம் வெயிட் பண்ணேன்க்கா. இவன் மீ தின்றத பாக்கவா? ஸ்டூடியோவுக்கு லெட்டர் போடணும். நான் சொல்றேன், நீ டைப் பண்ணு. விடக் கூடாது இவனுங்கள.”

ஆறு வருஷத்தில் அவன் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. கோப்பையில் பாதி இருந்தது. கொட்டியிருக்கலாமே என்பீர்கள். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அப்போது என்னைக் கவலைப்படுத்தியது அந்தக் கெட்ட வார்த்தைகள்தான். முதல் நாள் கிடைத்த சுத்தம் வீணாகிவிடக் கூடாதே.

“மொதல்ல மனஸ்தாப மந்திரம் சொல்லு” என்றேன். பாவத்துக்கு வருந்திச் சொல்கிற செபம் அது, மேடம்.

“கார்ட்டூன திட்டினதுக்கா, அக்கா? இத கடவுள் பாத்திருந்தா அவரே திட்டியிருப்பாருலா.”

சிரித்தான். ஆனாலும் சொன்னான். என் பேச்சை அவன் தட்டியதில்லை. மீதி டீயையும் குடித்தான். கசக்கிறது என்றான். இஞ்சி என்றேன்.

அவன் சொல்லச் சொல்லக் கடிதத்தை உடனே டைப் செய்தேன். அந்த உதவியை நான் மறுக்கவில்லை. ஒன்று, பழைய காட்சிகளைக் காட்டி ஏமாற்றாதீர்கள். இரண்டு, அந்த எதிரிக்கு என்ன ஆனது. மூன்று, அடுத்த சீசனிலாவது அவன் பறக்க வேண்டும், பறக்கிற வரைக்கும் நான் பார்ப்பேன். அந்த இடத்தில் அவன் நாக்குக் குழறியது. நான் முற்றுப்புள்ளி வைத்து, அவன் பெயரைப் போட்டு அனுப்பினேன். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னேன். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாதுதான்.

எட்டரைக்கு மூச்சு நின்றது. மாத்திரையைக் கரைத்தது நான். குடிக்கவைத்தது நான். ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருந்ததும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சாக வேண்டும் என்று அவன் எப்போதாவது கேட்டானா என்கிறீர்கள். இல்லை மேடம், ஒரு தடவைகூட இல்லை. கேட்கிற பாரத்தையும் அவன் தலையில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.